சித்தப்பா காய வைத்த பள்ளம்

அன்று காலை சேற்றுப்பள்ளத்துக்குள் இறங்கிய என் செருப்பு சேற்றில் ஒட்டவில்லை. முந்தைய வாரம் வரை ஒவ்வொரு அடிக்கும் காலைப் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்த இடம் அது. குனிந்து பார்த்தேன். நாங்கள் நட்டிருந்த ஒவ்வொரு கன்றின் பக்கத்திலும் ஒரு சாண் அகலத்தில் சின்னக் கான் ஓடியது. சின்னக் கான்கள் எல்லாம் ஒரு நடுக்கானில் போய்ச் சேர்ந்தன. நடுக்கான் பள்ளத்தின் வாய் வரை போய், பாறைக்கு அந்தப் பக்கம் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. கரைகள் சாய்வாகச் செதுக்கப்பட்டிருந்தன. வெட்டிய மண் திரும்பவும் உள்ளே சரியாதபடி கீழ்ப்பக்கம் போடப்பட்டு, மம்பட்டியின் முதுகால் தட்டிவிடப்பட்டிருந்தது. அவ்வளவு சுத்தமான வேலை. தண்ணீர் நிற்க வேண்டும் என்பதற்காகவே தேடித் தேடி நட்ட மரக்கன்றுகளுக்கு, தண்ணீர் நிற்கக் கூடாது என்று யாரோ முதுகு ஒடிய உழைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அந்த மலையில் அப்படிக் கான் வெட்டத் தெரிந்த கை ஒன்றுதான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

தேயிலைத் தோட்டத்தில் கான் என்றால், மழைநீர் வடிவதற்காக மலைச்சரிவின் குறுக்கே வெட்டும் வாய்க்கால். தேயிலைக்கு மழை வேண்டும், ஆனால் வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது. நின்றால் செடி மஞ்சள் பாரித்துப் போய்விடும். அதனால் கொழுந்து எடுக்க ஆள் வேண்டியிருப்பது போலவே கான் வெட்டவும் ஆள் வேண்டும். நமுனுகுல மலைச்சாரலில் இருந்த எங்கள் தோட்டத்தில் அந்த ஆட்களுக்கு என் அப்பாவின் தம்பிதான் கங்காணி. தோட்டத்தில் அவருக்குப் பெயரே கான் கங்காணி. எனக்குச் சித்தப்பா. வாய் ஓயாத மனிதர். தன் வேலையைப் பற்றித் தானே பெருமை பேசக் கொஞ்சமும் கூச்சப்படாதவர். புதுக் கான் வெட்டி முடித்து முதல் மழை பெய்ததும், ஒரு தேயிலை இலையைத் தண்ணீரில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே கரையில் நடப்பார். இலை அவரோடு சேர்ந்து நடந்து வர வேண்டும். முந்திக்கொண்டு ஓடினால் சரிவு கூடிப்போயிற்று, மண்ணை அரித்துவிடும். தயங்கி நின்றால் சரிவு போதாது. இலை கடைசி வரை கூடவே வந்துவிட்டால், "பாத்தியளா, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி வருது" என்று தன் ஆட்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

எங்கே போனாலும் அவர் கண் தண்ணீர் தேங்கும் இடத்தைத்தான் தேடும். கல்யாண வீட்டில் பந்தலுக்குக் கீழே நின்றுகொண்டு, "மழை வந்தா நேரா சமையக்கட்டுக்குள்ளதான் போவும்" என்று மாப்பிள்ளை வீட்டார் காதுபடச் சொல்வார். திருவிழாவுக்குப் போனால் கோயில் வாசலில் பெருவிரலாலேயே ஒரு கோடு கீறிவிடுவார். என் அப்பா இறந்தது மழைக்காலத்தில். எல்லாரும் மண் போட்டுவிட்டுக் கை கழுவப் போன பிறகும் அவர் மட்டும் மம்பட்டியோடு நின்று, குழியைச் சுற்றி ஒரு சின்னக் கான் வெட்டினார். "அண்ணன் ஈரத்துல கெடக்கக் கூடாது" என்றாராம். என் தம்பி வந்து இதைச் சொன்னபோதுதான் அன்று நான் முதன்முறையாக வாய்விட்டு அழுதேன்.

சேற்றுப்பள்ளம், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் எங்கள் லயத்துக்கு மேலே, இரண்டு சரிவுகளுக்கு நடுவில் தட்டையாகக் கிடந்த ஈரநிலம். ஒரு காலத்தில் அங்கே காடு இருந்திருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பு அப்போதிருந்த தோட்டத்துத் துரை, அந்த இடத்தைக் காய வைத்து விறகு மரம் வைக்கச் சொன்னாராம். காட்டை வெட்டி, கான் போட்டு, தண்ணீரை இறக்கி, யூகலிப்டஸ் நட்டார்கள். இளவட்டமாக இருந்த சித்தப்பா கை வைத்த முதல் பெரிய வேலை அதுதான். அதைப் பற்றியும் அவர் பெருமையாகத்தான் பேசுவார். யூகலிப்டஸ் வளர்ந்தது, வெட்டினார்கள், தழைத்தது, மறுபடியும் வெட்டினார்கள். லயத்துக்குப் பக்கத்தில் பாறை இடுக்கிலிருந்து பீலிக் குழாய் வழியாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் வருடத்துக்கு வருடம் மெலிந்தது. நான் பள்ளிக்கூடம் முடிக்கும் காலத்தில் அந்தப் பாறையில் ஈரக்கறை மட்டுமே மிஞ்சியிருந்தது. அதன் பிறகு குடிக்கிற தண்ணீருக்கு எங்கள் பெண்கள் கீழே ஓடைக்கு இறங்கி ஏற வேண்டியதாயிற்று. பகலெல்லாம் மலையில் நின்று கொழுந்து பறித்த காலோடு, சாயங்காலம் குடத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் மலை ஏறுவார்கள். சித்தியும் அவர்களோடு ஏறினாள். ஒரு கையால் குடத்தையும் ஒரு கையால் முழங்காலையும் பிடித்துக்கொண்டு அவள் ஏறி வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

பல வருடங்கள் கழித்து, ஒரு தொண்டு நிறுவனத்தின் வெளிக்கள உத்தியோகத்தராக நான் அந்தத் தோட்டத்துக்கே திரும்பி வந்தேன். பதுளையில் வாடகை வீடு, காலையில் பசறை பஸ், அங்கிருந்து கிடைத்த வண்டியில் மலைக்கு. தண்ணீர் பிடித்து வைக்கும் பழைய ஈரநிலங்களில் நாட்டு மரங்களை நட்டு மறுபடியும் காடாக்குவது எங்கள் திட்டம். யூகலிப்டஸ் போய், புல் மூடிக் கிடந்த சேற்றுப்பள்ளத்தைத் தோட்டத்து நிர்வாகம் மறுபேச்சில்லாமல் கொடுத்தது. எனக்கு அந்த வேலையில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. அந்தப் பீலியில் மறுபடியும் தண்ணீர் விழ வேண்டும், சித்தி மலை ஏறாமல் ஒரு குடம் பிடிக்க வேண்டும். திட்டத்தின் குறிக்கோள்களாகப் பலகையில் எழுதியிருந்த மற்றவை எல்லாம் எனக்கு அதற்குப் பிறகுதான்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பது வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பது போல லேசான காரியமில்லை. நாட்டு மரம் என்றால் எதையும் நடலாம் என்றில்லை. காலை நனைத்துக்கொண்டு நிற்கக்கூடிய மரமாக இருக்க வேண்டும், அந்த உயரத்துக் குளிரையும் காற்றையும் தாங்க வேண்டும். கும்புக் என்கிற மருத மர விதையைப் பதுளை ஓயா ஆற்றங்கரையிலிருந்து பொறுக்கி வந்தோம். நாவல் மரமும் வெரளி மரமும் தோட்டத்தில் ஒரே இடத்தில்தான் மிஞ்சியிருந்தன. அது முனியாண்டி கோயில். முனிக்குப் பயந்து யாரும் கோடாலி வைக்காததால் அந்த மூலையில் மட்டும் பழைய காட்டின் ஒரு துண்டு தப்பிப் பிழைத்திருந்தது. வெற்றிலையும் சூடமும் வைத்து, எதற்காக எடுக்கிறோம் என்று முனியிடம் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் பெண்கள் விதையைத் தொட்டார்கள். முளைத்த கன்றுகளைச் சோதிக்கப் பசறையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் பழைய பெயின்ட் வாளிகளை வாங்கி வந்தேன். வாளியில் தண்ணீர் ஊற்றி, கன்றுகளைப் பையோடு அதில் நிறுத்தி, லயத்து வாசலில் வரிசையாக வைத்தோம். வாரக்கணக்கில் நின்றும் இலை உதிர்க்காதது பள்ளத்தின் நடுவுக்கு, வாடியது ஓரத்து மேட்டுக்கு. "செடிக்கெல்லாம் காலு கழுவி விடுறியா பாப்பா?" என்று சித்தி கேட்டாள். சிவப்பாகத் துளிர்க்கும் நாகமரத்தின் மீது எனக்கு ஒரு பிரியம் இருந்தது. அது வாளியிலேயே கருகிப்போனது. கும்புக் மட்டும் தனக்கு ஒன்றுமே நடக்காதது போல நின்றது.

நட்டவர்கள் எல்லாரும் தேயிலை நட்ட கைகள். காடு என்றால் கலைந்து இருக்க வேண்டும், கண்டபடி நடுங்கள் என்று நான் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, நான் அந்தப் பக்கம் திரும்பியதும் கயிறு பிடித்து நேர்கோட்டில் நட்டார்கள். ஒவ்வொரு கன்றின் தூரிலும் தண்ணீர் வழிந்தோட மண்ணைக் குமித்து வைத்தார்கள். சுற்றியிருந்த கோரையையும் பெரணியையும் ஒரு பொட்டு விடாமல் சுரண்டி எடுத்தார்கள். அவர்களைத் திட்டவும் மனம் வரவில்லை. தலைமுறை தலைமுறையாக அதைத்தான் வேலை என்று பழகியிருக்கிறார்கள். காடு வரிசையில் வளர்ந்தால் என்ன, வளர்ந்தால் போதும் என்று விட்டுவிட்டேன். அதற்கு அடுத்த வாரம்தான் கான்களைப் பார்த்தேன்.

நேரே சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அவர் பென்ஷன் வாங்கி வீட்டில் இருந்த காலம். லயத்து முன்வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, மம்பட்டிக்கு ஆப்பு இறுக்கிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் தொடங்கிவிட்டார்.

"வாங்க ஆபீசரம்மா. தண்ணி நின்னா வேரு அழுகும்னு இங்க கைப்புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"அது தேயிலை இல்ல சித்தப்பா. தண்ணிக்குள்ளயே நிக்கிற மரம்."

"மரம் நிக்கும் பாப்பா," என்றார். "மலை நிக்குமா?"

அவ்வளவு நேரம் என்னிடம் இருந்த கோபம் அந்த இடத்தில் இறங்கிப் போனது. அவருடைய ஒரே மகள், எனக்குத் தங்கை முறை, கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குக் கட்டிக்கொடுத்துப் போனவள். மலை சரிந்து இறங்கிய அன்று காலை அவள் லயத்துக்குள் இருந்தாள். செய்தி வந்ததும் சித்தப்பா மம்பட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். மகளைத் தோண்டி எடுக்கப் போகிறவரிடம் அது எதற்கு என்று யாராலும் கேட்க முடியவில்லை. அங்கே பெரிய எந்திரங்கள் தோண்டின. அவரைப் பக்கத்தில் விடவில்லை, விடக்கூடிய இடமாகவும் அது இருக்கவில்லை. ஓரமாக நின்று பார்த்துவிட்டு, மம்பட்டியில் மண் படாமல் திரும்பி வந்தார். மகள் கிடைக்கவேயில்லை. என் அப்பாவுக்கு வெட்டியது போல ஒரு கான் வெட்ட அவளுக்கு ஒரு குழி இருக்கவில்லை. இதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சித்திதான் சொன்னாள், அதுவும் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது, குரலை உயர்த்தாமல், தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துக்கொண்டே.

அதனால் அவருக்கு நான் செய்தது என்ன என்று எனக்கு விளங்கியது. தன் மனைவியும் மகனும் பேரப்பிள்ளைகளும் படுத்திருக்கும் லயத்துக்கு மேலே, அண்ணன் மகள் வந்து தண்ணீரைத் தேக்குகிறாள். அதற்கு மரம், காடு என்று ஏதோ பெயர் சொல்கிறாள். மண்ணைப் பரிசோதிக்கிற அதிகாரிகளைக் கூட்டி வந்தேன். அவர்கள் மலையைச் சுற்றிப் பார்த்தார்கள், பள்ளம் தட்டையான இடம், பயம் அந்த நீரில் இல்லை, மேல் சரிவுகளைத்தான் கவனிக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார்கள். பெருமழை நேரத்தில் ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றுபோனாலோ, சாமானைப் பார்க்காமல் வெளியேறிவிடுங்கள் என்றும் சொன்னார்கள். சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அவர்கள் ஜீப் ஏறியதும், "படிச்ச புள்ளைக, நல்லாத்தான் சொல்லுதுக. ஆனா இங்க படுக்கப்போறது நாமதானே?" என்றார். பதுளையில் கெட்டியான நிலத்தில் படுக்கிறவள் நான்.

நான் பெண்களைக் கூட்டிப்போய்க் கான்களை அடைப்பேன். அடுத்த முறை போகும்போது திறந்திருக்கும். மறுபடி அடைப்பேன். அவர் என்னிடம் சண்டை போட மாட்டார், வழியில் பார்த்தால் "டீ குடிச்சிட்டுப் போ பாப்பா" என்பார், மறுநாள் மம்பட்டியோடு மேலே ஏறுவார். பெண்களுக்கும் அலுத்துவிட்டது. அவர்களில் பாதிப் பேருக்கு உள்ளூர அவர் செய்வதுதான் சரி என்று பட்டது, அதையும் நான் அறிவேன். அந்தக் கோடையில் பள்ளம் வெடித்துக் காய்ந்தது. நாவலும் வெரளியும் நின்ற நிலையில் பட்டுப்போயின. கும்புக்கில் கொஞ்சம் தப்பியது. திட்டத்தின் தலைவர்கள் பார்க்க வந்தபோது காய்ந்த குச்சிகளுக்கு நடுவில் நின்று நான் எதையோ சொல்லிச் சமாளித்தேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. வேலையை விட்டுவிட்டு ஒரு கடையில் நின்று துணி விற்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தது நினைவிருக்கிறது.

முடித்து வைத்தவள் சித்தி. அன்று நானும் அங்கேதான் இருந்தேன். வேலை முடிந்து வந்தவள் குடத்தை எடுத்தாள், வாசல் வரை போனாள், திரும்பி வந்து குடத்தைக் கவிழ்த்து வைத்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பா டீ கேட்டார். தண்ணீர் இல்லை என்றாள். ஏன் போகவில்லை என்று கேட்டார். முழங்காலை நீட்டித் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"எம்மவள மண்ணு கொண்டு போச்சுங்க," என்றாள். "ஒங்களுக்கு மட்டுமா போச்சு? நானும் இந்த லயத்துலதான் படுக்கிறேன். எனக்குப் பயம் இல்லையா? மலை வர்ற அன்னிக்கு வரட்டும், ஒன்னாப் போவோம். அது வர்ற வரைக்கும் குடிக்கத் தண்ணி வேணும்ல. நீங்க மேல நின்னு வெட்டி விடுற தண்ணியத்தான் நான் கீழ போயி மோந்து செமந்துக்கிட்டு வாறேன். இதுக்கு மேல என்னால ஏற முடியாது."

அவ்வளவு பேசுகிற மனிதர், தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அன்று ஒருமுறைதான் பார்த்தேன். பிறகு எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு அவரே ஓடைக்கு இறங்கினார். ஆண்கள் குடம் தூக்கிப் பழக்கமில்லாத லயம். வழியில் நின்றவர்கள் கேலி செய்திருப்பார்கள், அவரும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பார். ஏறி வரும்போது பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

மறுநாள் கான்களை அவரே அடைக்கத் தொடங்கினார். நாங்கள் அடைத்தது போல மண்ணைத் தள்ளி மிதித்துவிடுகிற வேலை இல்லை அது. புல்லோடு வெட்டிய கட்டிகளை அடுக்கி, நடுவில் களிமண் வைத்து அறைந்து, மேலே கோரையை நட்டார். வேரோடி இறுகிய பிறகு எது கான், எது தரை என்று அடையாளம் தெரியவில்லை. இளவட்டத்தில் தான் வெட்டிய பழைய கான்களையும் புல்லுக்குள் தேடிப் பிடித்து அடைத்தார். அவை எங்கே ஓடுகின்றன என்று அவருக்கு மட்டும்தான் தெரியும், நான் அவற்றைப் பார்த்ததே இல்லை. ஆனால் பள்ளத்தின் வாயில் ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். அதற்கு ஒரு பலகை செய்து சொருகினார். "தண்ணி கலங்குச்சுன்னா இதைத் தூக்கிவிட்டுட்டு ஆளுகள எழுப்பணும். இது ஒன்னு இருக்கட்டும் பாப்பா, இதுக்கு மேல என்னைய எறக்காத" என்றார். அதிகாரிகள் சொன்ன எல்லாவற்றிலும் அந்தக் கலங்கல் பேச்சு ஒன்றை மட்டும் அவர் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். அந்தப் பலகையால் ஒரு மலையை நிறுத்த முடியாது என்று நானும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

அதன் பிறகு ஒவ்வொரு மழைக்கும் அவர் அங்கே போய் நின்றார். கம்பளியை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, மேலே உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, வாய்க் கானில் ஒழுகுகிற தண்ணீரைக் கையில் அள்ளி அள்ளிப் பார்ப்பார். மழை விட்டதும் இறங்கி வந்து, லயத்து வாசலில் நின்று, "தெளிவா இருக்கு" என்று பொதுவாக ஒரு சத்தம் கொடுப்பார். அதைக் கேட்ட பிறகுதான் பெண்கள் அடுப்பைப் பற்றவைப்பார்கள். இரண்டாம் முறை நட்ட கன்றுகள் அந்த மழைகளில் வேர் பிடித்தன. அவர் கன்றுகளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஒருமுறை மட்டும், அவர் உயரத்துக்கு வந்துவிட்ட ஒரு கும்புக்கில் சாய்ந்து நின்றுகொண்டு, "இது என்னைய மாதிரி இல்ல, நனைஞ்சாலும் இருமல் வர்றதில்ல" என்றார்.

இருமல் அவருக்குத்தான் வந்தது. நெஞ்சில் சளி கட்டி, பதுளை பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். நான் வேலை முடிந்து பார்க்கப் போவேன். சன்னலுக்கு வெளியே கறுத்தால் போதும், "மேல யாரு போறா?" என்று கேட்பார். நான் ஏதாவது ஒரு பெயரைச் சொல்வேன். அது வறட்சிக் காலம், மேலே யாரும் போகவில்லை, போகவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்த வறட்சியிலேயே போய்ச் சேர்ந்தார். அவருடைய பழைய ஆட்கள் குழியைச் சுற்றி ஒரு கான் வெட்டியிருந்தார்கள். கோணல்மாணலாக இருந்தது. நான் போனில் எடுத்துவந்த படத்தைச் சித்தியிடம் காட்டியபோது அழுதுகொண்டே, "அவரு பாத்தா கிழிச்சிருப்பாரு" என்றாள்.

திட்டம் முடிந்தது. பணம் வந்த காலம் வரை அது இருந்தது, பிறகு பலகை மட்டும் நின்றது, இப்போது பலகையிலும் எழுத்து இல்லை. நான் பதுளையில் வேறொரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சில வருடங்களுக்குப் பிறகு ஒரு மழை முடிந்த வாரத்தில் சித்தி ஆள் சொல்லி அனுப்பினாள். பீலியில் தண்ணீர் வந்திருந்தது. பென்சில் தடிமன்தான், ஆனால் விட்டுவிட்டுச் சொட்டாமல் ஒரே இழையாக விழுந்தது. மரங்கள் இன்னும் சிறுசு, அவற்றின் வேலை இனிமேல்தான். அதைக் கொண்டுவந்தது சித்தப்பா அடைத்த கான்கள். பெண்கள் குலவை போட்டார்கள். முதல் குடத்தைச் சித்திதான் பிடிக்க வேண்டும் என்று எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். இதற்காகத்தானே இத்தனை வருடம் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தி குடத்தை வைக்கவில்லை. ஒரு கையால் தண்ணீரை ஏந்தி, வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அவள் இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. கையை அப்படியே என் பக்கம் நீட்டினாள். "எனக்குத் தெரியல பாப்பா. தெளிவா இருக்கா, நீ பாத்துச் சொல்லு." குலவை நின்றுவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அங்கே என்னைவிடக் கண் நன்றாகத் தெரியும் பிள்ளைகள் எத்தனையோ பேர் நின்றார்கள். அவர்களைக் கேட்கலாமே என்றேன். கூட்டத்தில் ஒருத்தி, "மரம் வச்சது நீங்கதானே அக்கா, நீங்களே சொல்லுங்க" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை, கேலியாகவும் சொல்லவில்லை. நான் குனிந்து அந்தச் சுருங்கிய உள்ளங்கைக்குள் பார்த்தேன். ரேகைகள் தெரிந்தன. "தெளிவா இருக்கு சித்தி" என்றேன். அதன் பிறகுதான் அவள் குடத்தைப் பீலிக்குக் கீழே வைத்தாள். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. ஆனால் சந்தோஷத்தைவிட, ஒரு பெரிய மூட்டையைத் தோளில் வாங்கிக்கொண்ட களைப்புதான் அன்று எனக்கு இருந்தது.

இப்போது மரங்கள் என் தலைக்கு மேலே போய்விட்டன. புது வீடுகள் வரும், எல்லாரும் வேறு இடத்துக்குப் போய்விடலாம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், லயம் அங்கேயேதான் இருக்கிறது. நான் அந்த வேலையை விட்டு வந்தவள், அதற்குச் சம்பளம் இல்லாதவள், முழங்கால் எனக்கும் நோகிறது. இன்று மதியம் கறுத்துக்கொண்டு வந்து, பதுளை டவுனே தெரியாமல் கொட்டத் தொடங்கியது. அலுவலகத்தில் சன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். போன் அடித்தது, சித்திதான்.

"பாப்பா, பீலி நெறைய வருது. வெளிச்சம் போறதுக்குள்ள ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறியா? நீ சொன்னாத்தான் இங்க ஆளுக படுக்கும்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மேசைக்குக் கீழே கிடந்த குடையை எடுத்துக்கொண்டு பசறை பஸ் நிற்கும் பக்கம் நடந்தேன்.